காட்டிக்கொடுத்தவங்க திரும்பி வந்தப்போ

(ஆடியோ எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

கிறிஸ்தவத்துல துரோகம்னு சொன்னதும் எல்லாருக்கும் ஞாபகம் வர்றது ஒரே பேருதான். யூதாஸ். முப்பது வெள்ளிக்காசு, ஒரு முத்தம், கதை முடிஞ்சுது. சர்ச் பக்கமே போகாதவங்களுக்குக்கூட இது தெரியும். இன்னிக்கு அவரைப் பத்தி ரொம்பப் பேசப் போறதில்ல. அவருக்கு 200 வருஷம் கழிச்சு, ஆயிரக்கணக்குல காட்டிக்கொடுத்துட்டு, "நாங்க திரும்பி உள்ள வரலாமா"ன்னு வாசல்ல வந்து நின்னாங்களே, அவங்களைப் பத்திதான் பேசப் போறோம்.

அதுக்கு முன்னாடி அந்த முதல் ராத்திரியைக் கொஞ்சம் பார்த்துடலாம். ஏன்னா அன்னிக்கு இயேசுவைக் கைவிட்டது ஒருத்தர் இல்ல. யூதாஸ் ஆள் கூட்டிட்டு வந்தார். பேதுரு, "அந்த ஆளை எனக்குத் தெரியவே தெரியாது"ன்னு மூணு தடவை சொன்னார். தமிழ் பைபிள்ல யூதாஸுக்கு வர்ற சொல் 'காட்டிக்கொடுத்தல்', பேதுருவுக்கு 'மறுதலித்தல்'. ரெண்டு தனித்தனி டப்பா. ஆனா உள்ள விசாரணையில தனியா நின்னவர் பக்கத்துல இருந்து பார்த்தா, அந்த வித்தியாசம் அவ்வளவு பெரிசா தெரிஞ்சிருக்குமா?

நாம பொதுவா நினைக்கிறது என்ன? பேதுரு வருத்தப்பட்டார், யூதாஸ் வருத்தப்படல. அப்படி இல்லைங்க. மத்தேயு எழுதினதைப் படிச்சா, யூதாஸும் மனசு உடைஞ்சு போறார். காசைத் திருப்பி எடுத்துட்டுப் போய், தப்பு பண்ணிட்டேன்னு சொல்றார். யார்கிட்ட? காசு கொடுத்தவங்ககிட்டயே. அவங்க, "அது எங்க பிரச்சினை இல்ல, உன் பாடு"ன்னு அனுப்பிடறாங்க. மன்னிப்பு கேட்கப் போனவர் தப்பான கவுன்ட்டர்ல போய் நின்னுட்டார். அங்கிருந்து அவருக்குப் போக இடமே இல்ல.

பேதுருவுக்கு இடம் இருந்துது. யோவான் சுவிசேஷத்துல ஒரு சின்ன விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பேதுரு மறுதலிச்ச முற்றத்துல, குளிருக்காகக் கரிநெருப்பு போட்டிருப்பாங்க. கடைசி அத்தியாயத்துல, உயிர்த்தெழுந்த இயேசு ஏரிக்கரையில மீன் சுட்டுட்டு உட்கார்ந்திருப்பார், அங்கயும் கரிநெருப்பு. கிரேக்க மூலத்துல புதிய ஏற்பாடு முழுக்க அந்தச் சொல் வர்றது இந்த ரெண்டே இடத்துலதான். எந்த நெருப்புகிட்ட நின்னு தெரியாதுன்னு சொன்னாரோ, அதே மாதிரி ஒரு நெருப்புக்கு எதிர்ல உட்கார வெச்சு, என்மேல அன்பு இருக்கான்னு மூணு தடவை கேட்கிறார். "அன்னிக்கு ஏன் அப்படிச் சொன்ன?"ன்னு கேட்கல. "மன்னிச்சுட்டேன்"னும் சொல்லல. என் ஆடுகளைப் பார்த்துக்கோன்னு வேலையைக் கொடுக்கிறார், அவ்வளவுதான்.

அருமையான காட்சி. ஆனா, தப்பா எடுத்துக்காதீங்க, மன்னிப்புக் கணக்குல இதுதான் இருக்கிறதிலேயே ஈஸியான கேஸ். ஏன்னா பாதிக்கப்பட்டவர் நேர்ல இருக்கார். ரெண்டே பேர், ஒரு நெருப்பு, பேசித் தீர்த்துக்கலாம். பாதிக்கப்பட்டவங்க செத்துப் போயிருந்தா? காட்டிக்கொடுத்தவங்க ஒருத்தர் இல்ல, ஊர்ல பாதின்னா? மன்னிக்க வேண்டிய தலைவரே அந்த நேரத்துல ஊர்ல இல்லேன்னா? அப்போ யார் யாரை மன்னிக்கிறது?

சரி, இப்போ கார்த்தேஜுக்குப் போவோம். இன்னிக்கு துனீசியாவோட தலைநகர் துனிஸுக்குப் பக்கத்துல இருக்கிற இடம். வருஷம் 250. ரோமப் பேரரசர் டீசியஸ் ஒரு உத்தரவு போடறார். பேரரசுல இருக்கிற எல்லாரும் தெய்வங்களுக்குப் பலி கொடுக்கணும், படையல்ல கொஞ்சம் சாப்பிடணும். அதை அதிகாரிங்க முன்னாடி செய்யணும். செஞ்சதுக்குக் கையெழுத்துப் போட்ட சர்ட்டிஃபிகேட் வாங்கிக்கணும்.

அந்த சர்ட்டிஃபிகேட் நம்ம கையில இருக்கு. எகிப்து மணல்ல இருந்து நாற்பதுக்கும் மேல பப்பைரஸ் கிடைச்சிருக்கு. எல்லாம் ஒரே டெம்ப்ளேட். மேல, இன்ன ஊர்ப் பலிக் கமிட்டிக்குன்னு முகவரி. அப்புறம் பேரு, அப்பா பேரு, ஊரு. நான் எப்பவும் பலி கொடுத்துட்டுத்தான் இருக்கேன், இப்பவும் உங்க கண்ணு முன்னாடி கொடுத்தேன், சான்று தரவும். கீழ கையெழுத்து, தேதி. அதுல ஒண்ணு 72 வயசு டயோஜெனிஸ்ங்கிறவரோடது. அடையாளம்: வலது புருவத்துல தழும்பு. போட்டோ இல்லாத காலத்து ஐடி கார்டு. இன்னொண்ணு ஒரு பெண்ணோடது, அவங்க எகிப்திய முதலைத் தெய்வத்தோட பூசாரி! அவங்களும் வரிசையில நின்னு, "நான் சாமி கும்பிடறவதான்"னு பேப்பர் வாங்கியிருக்காங்க. அதாவது கிறிஸ்தவங்களை மட்டும் குறி வெச்சு எழுதின ஃபார்ம் இல்ல அது. மத்தவங்களுக்கு அது ஒரு வேலை, முடிச்சுட்டு வீட்டுக்குப் போகலாம். கிறிஸ்தவங்களுக்கு மட்டும் அந்த ஒரு பேப்பர்ல எல்லாமே போச்சு.

என்ன ஆச்சுன்னா, பெரும் கூட்டம் போய்க் கையெழுத்து வாங்கிடுச்சு. கார்த்தேஜ் பிஷப் சிப்ரியன் எழுதி வெச்சிருக்கார். சாயங்காலம் ஆயிடுச்சு, நாளைக்கு வாங்கன்னு அதிகாரிங்க சொன்னாங்களாம். முடியாது, இன்னிக்கே முடிச்சுக் கொடுங்கன்னு கெஞ்சினாங்களாம் சிலர். இது எனக்கு ரொம்பத் தொந்தரவான காட்சி. யாரும் அவங்க கழுத்துல கத்தி வைக்கல. பயம் எவ்வளவு வேகமா ஆளை வரிசையில நிறுத்தும்னு அது காட்டுது.

இவங்களுக்குள்ளயும் பிரிவு உண்டு. மிருகப் பலி கொடுத்தவங்க ஒரு வகை. கொஞ்சம் சாம்பிராணி மட்டும் போட்டவங்க ஒரு வகை. மூணாவது ஆளுங்கதான் சுவாரசியம். பலியே கொடுக்கல, அதிகாரிக்குக் காசு கொடுத்து சர்ட்டிஃபிகேட்டை மட்டும் வாங்கிக்கிட்டாங்க. "நான் எதுவும் பண்ணலையே, பேப்பர்தானே வாங்கினேன்"னு அவங்க வாதம். லீவுக்குப் போலி மெடிக்கல் சர்ட்டிஃபிகேட் வாங்கின யாருக்கும் இந்த வாதம் புரியும்.

இன்னொரு பக்கம், முடியாதுன்னு சொன்னவங்க. சிலர் ஜெயில்லயே செத்தாங்க. சிலர் சித்திரவதையைத் தாங்கி உயிரோட இருந்தாங்க. சிலர் சொத்தை விட்டுட்டு ஊரை விட்டுப் போனாங்க.

ஒரு வருஷத்துக்குள்ள சூடு தணிஞ்சுது. 251ல டீசியஸ் போர்ல செத்தார். அதுக்கு முன்னாடியே வாசல்ல கூட்டம் வர ஆரம்பிச்சாச்சு. சர்ட்டிஃபிகேட் வாங்கினவங்க, ஞாயித்துக்கிழமை அப்பத்துலயும் ரசத்துலயும் மறுபடியும் பங்கு வேணும்னு கேட்கிறாங்க. உள்ள யாரு இருக்கா? அடி வாங்கினவங்களும், செத்தவங்களோட வீட்டுக்காரங்களும்.

இங்க ஒரு விஷயம் நடந்துது. சித்திரவதை பட்டு ஜெயில்ல இருந்தவங்களுக்கு மக்கள்கிட்ட பெரிய மரியாதை. விழுந்தவங்க அவங்ககிட்ட போய்ச் சிபாரிசுக் கடிதம் கேட்டாங்க. அவங்களும் கொடுத்தாங்க. இவரைச் சேர்த்துக்கோங்கன்னு கடிதம் கடிதமா வந்துது. முதல் சர்ட்டிஃபிகேட்டை ரத்து பண்ண ரெண்டாவது சர்ட்டிஃபிகேட். சிப்ரியன் இதைப் பார்த்துக் கடுப்பாகி எழுதறார்: சில கடிதங்கள்ல 'இன்னாரும் அவர் வீட்டாரும்'னு மட்டும்தான் இருக்கு, யார், எத்தனை பேர்னே இல்ல, இருபது முப்பது பேர் வந்து நாங்கதான் அந்த வீட்டார்னு நிப்பாங்களே! நம்ம பாஷையில சொன்னா, ஸ்டார் போட்டு எல்லாருக்கும் பர்மிஷன் கொடுத்த மாதிரி.

ஆனா சிப்ரியனோட நிலைமையைப் பாருங்க. துன்புறுத்தல் ஆரம்பிச்சதும் அவர் ஊரை விட்டுப் போய் ஒளிஞ்சுட்டார். வெளியில இருந்துதான் கடிதம் எழுதறார். அவருக்கு அதுக்கு ஒரு நியாயம் இருந்துது, தலைவர் போயிட்டா கூட்டமே சிதறிடும்னு. இருந்தாலும், ஒளிஞ்சிருந்தவர் ரத்தம் சிந்தினவங்ககிட்ட, "நீங்க இப்படி மன்னிக்கக் கூடாது"ன்னு சொல்றதை யோசிச்சுப் பாருங்க. கேட்கிறவங்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

நான் இதுல சிப்ரியன் பக்கம்தான். காரணம் அவர் யாருங்கிறதில்ல, அவர் வாதம். அடி வாங்கினவர் தனக்கு நடந்ததைத் தாராளமா மன்னிக்கலாம். ஆனா நடந்தது அவருக்கு மட்டும் இல்லையே. பக்கத்து வீட்டு விதவை சார்பா அவர் எப்படிக் கையெழுத்துப் போட முடியும்? அதனால எல்லாரும் திரும்பி வந்து, உட்கார்ந்து, ஒவ்வொருத்தர் கதையையும் தனித்தனியாக் கேட்கணும்னார். 251ல கார்த்தேஜ்ல பிஷப்புகள் கூடி முடிவு பண்ணாங்க. காசு கொடுத்துப் பேப்பர் வாங்கினவங்களை விசாரிச்சுச் சேர்த்துக்கலாம். பலி கொடுத்தவங்க தவத்துல இருக்கணும், சாகப்போற நேரத்துல சேர்த்துக்கலாம்.

ரோம்ல நொவேஷியன்னு ஒருத்தர், அதுவும் கூடாதுன்னார். கடவுள் மன்னிச்சா மன்னிக்கட்டும், சபைக்கு அந்த உரிமை இல்லைன்னார். அவரை வில்லன் மாதிரி சொல்றது ஈஸி. ஆனா வீட்டுல ஒருத்தரைப் பறிகொடுத்துட்டு உட்கார்ந்திருக்கிறவங்க காதுல நொவேஷியன் சொன்னது கொடூரமா விழுந்திருக்காது. தன் இழப்பை மதிக்கிற ஒரே குரலா விழுந்திருக்கும். "மன்னிச்சு விடுங்க, மறந்து விடுங்க"ன்னு பாதிக்கப்பட்டவங்ககிட்ட அவசரமாச் சொல்ற ஆளுங்க எல்லாக் காலத்துலயும் உண்டு. அவங்களுக்குப் பதில் சொல்ல ஒரு நொவேஷியன் தேவைப்படுதுன்னுதான் எனக்குத் தோணுது.

அப்புறம் ஒரு திருப்பம். கொஞ்ச காலத்துலயே அடுத்த துன்புறுத்தல் வரப்போகுதுன்னு பயம் வந்துது. அப்போ சிப்ரியனும் மத்த பிஷப்புகளும் விதியைத் தளர்த்தி, தவத்துல இருக்கிற எல்லாரையும் உடனே சேர்த்துக்கலாம்னாங்க. காரணம் என்ன தெரியுமா? இவங்களை நாளைக்கு ரத்தம் சிந்தச் சொல்லப் போறோம், ஆனா கிறிஸ்துவோட ரத்தமான அந்தக் கிண்ணத்தைக் கொடுக்க மாட்டோம்னா எப்படி? இவ்வளவு நாள் மன்னிப்புங்கிறது நல்லாத் திருந்தினவங்களுக்குக் கொடுக்கிற பரிசா இருந்துது. இங்க அது சண்டைக்குப் போறவனுக்குக் கட்டிக் கொடுக்கிற சாப்பாடு மாதிரி ஆயிடுது. ஏரிக்கரையில மீன் சுட்டுக் கொடுத்து, வேலையையும் கொடுத்தாரே, கிட்டத்தட்ட அதே லாஜிக். சிப்ரியனே 258 செப்டம்பர் 14 அன்னிக்கு, பின்னாடி வந்த ஒரு பேரரசர் காலத்துல, கார்த்தேஜ்ல தலை வெட்டப்பட்டுச் செத்தார்.

இப்போ ஐம்பது வருஷம் தாண்டிப் போகணும். 303. பேரரசர் டயோக்ளீஷியன். இந்தத் தடவை ஆளுங்களை விட முதல்ல புத்தகங்களைக் குறி வெச்சாங்க. வேத நூல்களை ஒப்படைக்கணும், எரிக்கணும். ஒப்படைச்சவங்களுக்கு லத்தீன்ல 'ட்ரடிட்டோர்'னு பேரு, கையில கொடுத்தவன்னு அர்த்தம். ஆங்கிலத்துல துரோகிக்குச் சொல்ற 'ட்ரெய்ட்டர்' இதோட வழிவந்ததுதான். இன்னொரு பக்கம், ஒரு தலைமுறை அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கிற 'ட்ரெடிஷன்', மரபு, அதுவும் அதே வேர்ச்சொல். கொடுக்கிறது ஒண்ணுதான், யார் கையில கொடுக்கிறோம்ங்கிறதுதான் வேற. தமிழ்லயும் காட்டிக்'கொடு'த்தல்தானே.

சிர்ட்டாங்கிற ஊர்ல (இன்னிக்கு அல்ஜீரியாவுல கான்ஸ்டன்டைன்) 303 மே 19 அன்னிக்கு நடந்த ரெய்டோட அரசாங்கப் பதிவு அப்படியே கிடைச்சிருக்கு. நகர அதிகாரி முனாட்டியஸ் ஃபெலிக்ஸ் ஆளுங்களோட வர்றார். பிஷப் பவுலுஸ் உட்கார்ந்திருக்கார். லிஸ்ட் போடறாங்க: தங்கக் கிண்ணம் 2, வெள்ளிக் கிண்ணம் 6, பெண்கள் அங்கி 82, ஆண்கள் அங்கி 16, பெண்கள் செருப்பு 47 ஜோடி, ஆண்கள் செருப்பு 13 ஜோடி. இந்தச் செருப்புக் கணக்கைப் படிக்கும்போதுதான் அது எப்படிப்பட்ட சபைன்னு தெரியுது. ஏழைகளுக்குக் கொடுக்க வெச்சிருந்த துணிமணியா இருக்கணும்னு சொல்றாங்க.

சில்வானஸ்னு ஒரு துணை டீக்கன் ஒரு வெள்ளிப் பெட்டியையும் ஒரு வெள்ளி விளக்கையும் கொண்டு வந்து, பெரிய ஜாடிக்குப் பின்னாடி கிடைச்சுதுன்னு சொல்றார். கிடைக்கலேன்னா செத்திருப்பேன்னு பக்கத்துல நின்ன ஒரு ஆளு சொல்றான். அதுவும் பதிவுல இருக்கு. புத்தகம் ஒண்ணே ஒண்ணு, பெரிசா, வெளிய வருது. மத்ததெல்லாம் எங்க? வாசிக்கிறவங்க வீட்டுல இருக்கு. அவங்க யாருன்னு காட்டு. அப்போ கடுலினஸ், மார்குக்ளியஸ்னு ரெண்டு துணை டீக்கன்கள், நாங்க காட்டிக்கொடுக்கிறவங்க இல்ல, வேணும்னா எங்களைக் கொல்லச் சொல்லுங்கன்னாங்க. புத்தகத்தைக் கொடுத்தாச்சு, ஆளைக் கொடுக்க மாட்டோம்! அந்தக் கோடு அவங்களுக்கு அங்க இருந்துது. இருந்தும் வேற ஆளுங்க வீடு வீடாக் கூட்டிட்டுப் போனாங்க. ஒரு வீட்டுல 4, இன்னொண்ணுல 5, இன்னொண்ணுல 8. கடைசியா கொட்டியோன்னு ஒருத்தர் வீடு. அவர் இல்ல. அவர் மனைவி 6 புத்தகத்தை எடுத்துக் கொடுக்கிறாங்க.

ரெண்டு வருஷம் கழிச்சு, 305 வாக்குல, சிர்ட்டாவுக்குப் புது பிஷப் தேர்ந்தெடுக்கப் பக்கத்து ஊர் பிஷப்புகள் கூடினாங்க. இந்தக் கூட்டத்தோட குறிப்பும் இருக்கு. அகஸ்டின் காப்பாத்தி வெச்சது. எதிர்த்தரப்பு அது போலின்னு வாதாடினாங்க, அதையும் சொல்லிடறேன். தலைமை தாங்கின செகுண்டஸ் எடுத்ததும், நம்மள்ல யாரு புத்தகத்தைக் கொடுத்தது, முதல்ல அதைப் பார்ப்போம்னு ஒவ்வொருத்தரையா ஆடிட் பண்ண ஆரம்பிச்சார். ஒருத்தர், நான் கொடுத்தது வைத்தியப் புத்தகம்னார். இன்னொருத்தர், வேற காகிதங்களைக் கொடுத்தேன், என் புத்தகம் பத்திரமா இருக்குன்னார். இன்னொருத்தர், நாலு சுவிசேஷத்தையும் நெருப்புல போட வெச்சாங்கன்னு ஒத்துக்கிட்டார்.

அடுத்து புர்புரியஸ். அவர் மேல தன் அக்கா தங்கச்சி பசங்க ரெண்டு பேரைக் கொன்ன புகார். அவர் மறுக்கவே இல்ல. செகுண்டஸைப் பார்த்துத் திருப்பிக் கேட்டார்: எல்லாரையும் கேட்கிறியே, உன்னையும்தானே பிடிச்சு வெச்சாங்க, புத்தகம் கொடுன்னாங்க, எதையும் கொடுக்காம நீ எப்படி வெளிய வந்த? ரூம் அமைதியாயிருக்கும். செகுண்டஸோட சொந்தக்காரப் பையன் காதுல சொல்றான்: இவர் எழுந்து போயிடுவார், மத்தவங்களும் போவாங்க, நீங்கதான் தனியா நிப்பீங்க, கடவுள் பார்த்துக்கட்டும்னு விட்டுடுங்க. விட்டுட்டாங்க. எல்லாரும் கடவுளுக்கு நன்றின்னு சொல்லி உட்கார்ந்தாங்க.

கேட்க மன்னிப்பு மாதிரியே இருக்குல்ல? எனக்கு இது மன்னிப்பு இல்ல. சிப்ரியன் காலத்துல வாசல்ல நின்னவங்க அத்தனை பேருக்கும் முன்னாடி நான் விழுந்துட்டேன்னு சொல்லி, மாசக்கணக்குல காத்திருந்தாங்க. இங்க உன் ஃபைலை நான் திறக்கல, என் ஃபைலை நீ திறக்காதேன்னு ஒரு ஒப்பந்தம்.

அந்தக் கூட்டத்துல பிஷப்பா ஆனது யாருன்னு நினைக்கிறீங்க? ஜாடிக்குப் பின்னாடி இருந்து விளக்கை எடுத்துக் கொடுத்த அதே சில்வானஸ்.

இதே செகுண்டஸ்தான் சில வருஷத்துல எழுபது பிஷப்புகளோட கார்த்தேஜுக்கு வந்து, அங்க புதுசா வந்த பிஷப் செல்லாதுன்னார். ஏன்னா அவரை நியமிச்ச ஃபெலிக்ஸ்ங்கிறவர் புத்தகத்தைக் கொடுத்தவராம். புர்புரியஸும் சில்வானஸும் அந்தக் கோஷ்டியிலயே இருந்தாங்க. அதுலேர்ந்து வந்த பிளவுதான் டொனாட்டிஸ்ட் பிரிவு. நூறு வருஷத்துக்கு மேல வட ஆப்பிரிக்காவையே ரெண்டாக்குச்சு. ஃபெலிக்ஸ் கேஸை அரசாங்கம் விசாரிச்சப்போ, அவருக்கு எதிரான கடிதத்துல பின்னாடி ஒருத்தர் வரி சேர்த்திருந்தது தெரிஞ்சுது, அவர் நிரபராதின்னு ஆச்சு. 314ல ஆர்ல்ஸ்ல கூடினவங்க நல்ல முடிவு ஒண்ணு எடுத்தாங்க: வாய்ப்பேச்சை வெச்சு யாரையும் ட்ரடிட்டோர்னு சொல்லக் கூடாது, அரசாங்கப் பதிவுல இருக்கணும். ஆனா பிளவு நிக்கல. 411ல ரெண்டு பக்கமும் முந்நூறுக்குக் கொஞ்சம் குறைவான பிஷப்புகள் வந்து கார்த்தேஜ்ல வாதாடினாங்க. விழுந்தவங்களுக்கும் இடம் உண்டுன்னு அழகா எழுதின அகஸ்டினே, கடைசியில எதிர்த்தரப்பைச் சேர்க்க அரசாங்கச் சட்டத்தையும் அபராதத்தையும் ஆதரிச்சார். அதை எந்த மன்னிப்புலயும் சேர்க்க என்னால முடியல. அது தனி எபிசோடுக்கான விஷயம்.

சில்வானஸ் கதை முடியணுமே. 320ல அவரோட சொந்த டீக்கன் நண்டினாரியஸ் அவரோட சண்டை போட்டுட்டு, பழைய பேப்பரை எல்லாம் ஆளுநர் ஸெனோஃபிலஸ் முன்னாடி கொண்டு போய் வெச்சுட்டார். அதாவது காட்டிக்கொடுத்தவரை அவர் ஆளே காட்டிக்கொடுத்துட்டார். 303 மே மாசப் பதிவைச் சபையில வாசிச்சாங்க. பதினேழு வருஷம் கழிச்சு அந்தக் கிண்ணம், அந்த 47 ஜோடி செருப்பு, ஜாடி, விளக்கு எல்லாம் ஒவ்வொண்ணா வந்துது. சில்வானஸ் செஞ்சது என்ன? சாவு பயத்துல ஒரு விளக்கை எடுத்துக் கொடுத்தார். சிப்ரியன் காலத்துல இதைவிடப் பெரிசாப் பண்ணவங்களுக்கே வழி இருந்துது. ஆனா சில்வானஸ் நின்ன பக்கம், கொடுத்தவனுக்கு இடமே கிடையாதுன்னு சொல்ற பக்கம். ஒத்துக்கிட்டுத் திரும்பி வர ஒரு வாசல் வேணும்னா, அவரே பூட்டின வாசலைத்தான் தட்டணும்.

அன்னிக்கு சாட்சி சொல்ல வந்தவங்கள்ல விக்டர்ங்கிற இலக்கண வாத்தியாரும் ஒருத்தர். 303 பதிவுலயே அவர் வீட்டுல ரெண்டு புத்தகம் எடுத்ததா இருக்கு. எனக்கு எதுவும் தெரியாது, நான் அங்க இல்லவே இல்லைன்னுதான் முதல்ல ஆரம்பிச்சார். கொட்டியோவோட மனைவியை யாரும் கூப்பிட்டதா இல்ல. பதிவுல அவங்க பேருகூட இல்ல, ஆறு புத்தகம்னு மட்டும்தான் இருக்கு.

அவ்வளவுதாங்க இன்னிக்கு. சிப்ரியனா, நொவேஷியனா, நீங்க யார் பக்கம்னு எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல வாசிக்கிறேன்.